ஐஸ் என்றால் ஐஸ்தான்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் இந்த பஸ் இதே இடத்தில் நின்றுபோகட்டும். என்ன, சிரிக்கிறீர்கள்? ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறது என்கிறீர்களா? அது டயர் பஞ்சர். கண்டக்டரைக் கேளுங்கள். டயர் போனது அரை மணி நேரத்துக்கு முந்தி, நான் சத்தியம் பண்ணியது இப்போது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சரி, பஸ் வேண்டாம். என் இரண்டு முழங்கால் மேல் ஆணை. ஒரு பி.டி. வாத்தியாருக்கு முழங்காலைவிடப் பெரிய சாமி எது? சத்தமாகப் பேசுகிறேனோ? பேசத்தான் வேண்டும். முன்சீட்டு அம்மாவும் கேட்கட்டும். நடந்ததைச் சொல்ல எனக்கென்ன பயம்?

என் பெயர் தெய்வசிகாமணி. செங்கட்டாம்பட்டி நடுநிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். வயசுக் காலத்தில் நான் ஓடின ஓட்டம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. காலேஜில் ஒரு தடவை நூறு மீட்டர் ஓடி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் அப்போதுதான் வந்து சேர்கிறது. போகட்டும், பெருமை எதற்கு.

வேலையில் சேர்ந்த அன்றைக்கு எனக்கு ஒரு விசில் கொடுத்தார்கள், காற்றுப் போன கால்பந்து ஒன்று கொடுத்தார்கள். பீரியடு மட்டும் கொடுக்கவில்லை. டைம் டேபிளில் இருந்தது என்னவோ வாஸ்தவம். ‘உடற்கல்வி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிலும் சிவப்பு மையில் பூ போட்டு, பார்ப்பதற்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரம் வந்ததும் கணக்கு வாத்தியார் கோதண்டபாணி வாசலில் வந்து நிற்பார். கையில் சாக்பீஸ், முகத்தில் ஒரு சோகம்.

“சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும். பின்னம் கொஞ்சம் பாக்கி நிக்குது.”

“நேத்தும் பின்னம்னுதானே சார் எடுத்துக்கிட்டீங்க?”

“நேத்து தகு பின்னம். இன்னைக்குத் தகா பின்னம்.”

எனக்குக் கால் தெரியும், பின்னம் தெரியாது. இப்படியே இரண்டு வருஷம் ‘இன்னைக்கு ஒரு நாள் மட்டும்’. பின்னம் போய் வட்டி வந்தது. தனி வட்டி போய்க் கூட்டு வட்டி வந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பியது, ரயில் பாலத்தைக் கடந்தது, எல்லாம் என் பீரியடில்தான். எங்கள் பிள்ளைகள் வெயில் படாமல் முளைகட்டின பயறு மாதிரி வெளுத்துப்போனார்கள். செங்கட்டாம்பட்டியில், அந்த வெயிலில், வெளுத்துப்போவதென்றால் எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

கெஞ்சிக் கூத்தாடி பீரியடு முடிகிற நேரத்தில் அஞ்சு நிமிஷம் வாங்கினேன். அஞ்சு நிமிஷத்தில் மைதானத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைக்கவே நேரம் இருக்காது. அதனால் என்ன செய்தேன்? ஓட்ட விளையாட்டை உட்கார வைத்தே சொல்லிக் கொடுத்தேன். இதுக்குமா சிரிப்பு? வேறு யாருக்குத் தோன்றும் இந்த யோசனை?

ஐஸ் வாட்டர் விளையாடியிருக்கிறீர்களா? ஒருத்தர் பிடிக்கிற ஆள். அவர் தொட்டு ‘ஐஸ்’ என்றால், தொடுபட்டவன் நின்ற இடத்தில் நின்றபடியே உறைந்துபோக வேண்டும். பிடிபடாத ஆள் யாராவது வந்து தொட்டு ‘வாட்டர்’ என்றால் மறுபடி ஓடலாம். எல்லாரும் ஐஸ் ஆனால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான் விஷயம். இதை நான் ரூல் ரூலாகப் பிரித்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன்.

“ஐஸ் ஆனவன் என்ன செய்யக் கூடாது?” என்று கேட்பேன்.

மொத்த வகுப்பும் கத்தும். “கையை அசைக்கக் கூடாது! காலை அசைக்கக் கூடாது! தலையை அசைக்கக் கூடாது! பேசக் கூடாது! அழக் கூடாது! ஒண்ணுக்கு வருதுன்னு விரலைக் காட்டக் கூடாது!”

“எதுவரைக்கும்?”

“வாட்டர் வர்ற வரைக்கும்! இல்லேன்னா ஆட்டம் முடியிற வரைக்கும்!”

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். நாலாம் வகுப்பில் சீனியம்மா என்று ஒரு பிள்ளை. கொக்கு மாதிரி காலும், அகப்பை மாதிரி கையுமாக இருப்பாள். அவள் பின்னாலிருந்து முன்னால்கூட ஒப்பிப்பாள். ஹெச்.எம். சவரிராயன் ரூமும் எங்கள் வகுப்பும் ஒரே சுவர். கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடமாகிவிட்டது. காலையில் பிரேயருக்கு நிற்கும்போது உதடு தானாக ‘கையை அசைக்கக் கூடாது’ என்று முனகும். ஆனால் ஒருத்தர்கூட ஒரு நாளும் ஓடிப் பார்த்ததில்லை. அதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆய்வுக்கு ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை. திருவேங்கடம் என்று பெயர். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற பள்ளியில் பி.டி. பீரியடை விட்டுவைப்பாராம். இல்லாத பள்ளியில் மைதானத்திலேயே எல்லாரையும் கூட்டி, ‘இனி இந்தப் பீரியடு கணக்குக்கு’ என்று வாயால் அறிவித்துவிட்டு ஜீப் ஏறிவிடுவாராம். அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் சொன்னதுதான். இப்படிப் பீரியடு போன ஒரு பி.டி. வாத்தியாரைத் தையல் வகுப்புக்குப் போட்டுவிட்டார்களாம். மனிதர் வெயிட் லிஃப்டிங்கில் மெடல் வாங்கினவர். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் பிள்ளைகள் முன்னால் அழுதாராம்.

எனக்குத் தையல் வராது தம்பி. அதுகூடப் பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் ஓட்டத்தை ஒப்பித்தே எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போய்விடுமே! அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கோதண்டபாணியோ புதுசாக ஒரு பெட்டி கலர் சாக்பீஸ் வாங்கி வைத்துவிட்டார்.

ஹெச்.எம். காலில் விழாத குறையாகக் கேட்டேன். “செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியடு எடுத்துக்கய்யா. ஒரே ஒரு பீரியடு. வியாழக்கிழமை ஆபீசர் முன்னால ஓடிக் காட்டணும். எவனாச்சும் விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டான்னா உன் பல்லுதான் பதில் சொல்லும்” என்றார்.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியடு. ஒண்ணாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை மொத்தப் பள்ளியும் மைதானத்தில். பிடிக்கிற ஆள் யார் என்று முடிவு பண்ண சா பூ த்ரீ போட்டோம். ஒரு பள்ளிக்கூடமே வட்டமாக நின்று சா பூ த்ரீ போட்டால் எங்கே முடியும்? ஒரு பக்கம் கையைக் கவிழ்க்கிறான், மறு பக்கம் நிமிர்த்துகிறான், நடுவில் ஒருத்தன் கையை மோந்து பார்க்கிறான். பாதிப் பீரியடு போயே போய்விட்டது. பிடிக்கிற ஆளாக இருக்க ஒருத்தனுக்கும் இஷ்டமில்லை, எல்லாருக்கும் ஓடத்தான் ஆசை. எனக்குப் பொறுக்கவில்லை.

“நானே பிடிக்கிறேன், ஓடுங்கடா!” என்றேன்.

அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இரண்டு வருஷமாக மடக்கி வைத்த கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. கிளம்பிய புழுதியில் சர்ச்சுக் கோபுரம் மறைந்துபோய், அங்கே மணி அடிக்கிற கோயில்பிள்ளை சாயங்காலமாகிவிட்டது என்று அடித்துவிட்டார். எனக்கும் சுருதி ஏறிவிட்டது. தொட்டேன், ஐஸ். தொட்டேன், ஐஸ். எட்டாம் வகுப்பு இருதயராஜ் சிரித்துக்கொண்டே ஓடியவன், பல்லைக் காட்டியபடி நின்றான். ஒருத்தன் ஒற்றைக் காலில் நின்றான். ஒருத்தன் நழுவுகிற டிராயரைப் பிடித்தபடி நின்றான். அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். விரலை ஆட்டிக்கொண்டு வருகிறார். “என்னய்யா இது, பள்ளிக்கூடமா சந்தையா?” என்கிறார். சமாதானம் சொல்ல அவர் தோளில் கையை வைத்தேன். வாய் சும்மா இருக்கக் கூடாதா? “ஐஸ்” என்றுவிட்டது.

ஹெச்.எம். நின்றுவிட்டார். விரல் தூக்கியது தூக்கியபடி. பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள், ரூல் அவருக்கும் மனப்பாடம், அவர் என்ன செய்வார் பாவம்?

கடைசியாக ஒரே ஒரு ஆள் பாக்கி. சீனியம்மா. நான் வலது பக்கம் போனால் அவள் இடது பக்கம். நான் இடது பக்கம் போனால் அவள் எனக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள். பிடித்திருக்கலாம். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அவள் ஜடை வந்தது. சின்னப் பிள்ளையாச்சே, கொஞ்ச நேரம் விளையாடட்டும் என்று விட்டுக் கொடுத்தேன். அதற்குள் நெஞ்சு லேசாக அடைத்தது. புழுதி.

அப்போது கேட்டுக்கு வெளியே அவள் தாய்மாமன் சைக்கிள் மணி. “ஏ சீனி, ஓடியா! உன் தம்பிக்குக் காது குத்து. ஊருக்கு எல்லாரும் கிளம்பியாச்சு, நீதான் பாக்கி!” என்றார். அவள் ஒரே தாவலில் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “சார்! நான் அவுட் இல்லை! நான் அவுட் இல்லை!” என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. விசிலை ஊதி முடித்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஊதினேன் தம்பி, கன்னம் வலிக்க ஊதினேன். ஒரு பயல் அசையவில்லை. நான் சொல்லிக் கொடுத்த ரூலில் விசில் என்கிற பேச்சே வரவில்லை. வகுப்புக்குள் விசில் ஊதினால் கோதண்டபாணி கோபித்துக்கொள்வார் என்று அதை விட்டுவிட்டேன். “போதும்டா, கலைஞ்சு போங்க” என்றேன். கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்க்கிறார்கள், சார் அழுகுணி ஆட்டம் ஆடுகிறாரே என்று. ஹெச்.எம்.கூட அப்படித்தான் பார்த்தார். ஒருத்தி பாக்கி இருக்கும்போது ஆட்டம் எப்படி முடியும்? வாட்டர் கொடுக்கவும் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். நான் தொட்டால் ஐஸ்தான் ஆவார்கள். அதுதான் ஏற்கெனவே ஆகிவிட்டார்களே!

சாயங்காலம் தாய்மார்கள் வந்தார்கள். ஒரே கூப்பாடு. “எம்புள்ளைக்கு என்ன ஆச்சு? யாரு செய்வினை வச்சது?” நான் ரூலை விளக்கினேன். சாப்பாடு ஊட்டலாமா என்று கேட்டார்கள். கை, கால், தலை அசையக் கூடாது, பேசக் கூடாது என்றுதான் ரூல். மெல்லக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஊட்டினார்கள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள், முன்சீட்டில் பெண்கள் இருக்கிறார்கள்.

புதன்கிழமை காலையில் பார்க்கிறேன், ஊரே மாறிவிட்டது. நான் சோறு தண்ணி இல்லாமல் தவிக்கிறேன், தாய்மார்கள் சிரித்த முகமாக வருகிறார்கள். இருதயராஜ் அம்மா அவன் தலைக்கு நிதானமாக எண்ணெய் வைத்து, வகிடு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“அம்மா, யாராச்சும் போயி அந்தச் சீனியம்மாவைக் கூட்டிட்டு வாங்கம்மா” என்றேன்.

“எதுக்கு சார்?”

“உங்க பையனுக்கு வாட்டர் குடுக்கணுமில்ல?”

“நல்லாத்தானே சார் நிக்கிறான்? பொறந்ததிலேருந்து இவன் தலையில நான் சீப்பு வச்சதில்லை. கிணத்துல குதிக்க மாட்டேங்கிறான், கல்லெடுத்து எறிய மாட்டேங்கிறான், எதைக் குடுத்தாலும் திங்கிறான். ஒரு நாலு நாள் இப்படியே இருக்கட்டும் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையை நீட்டியபடி நின்றான் என்பதற்காக அதில் துணி காயப் போட்டிருந்தார்கள். ஹெச்.எம். விரலில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து, பிடித்துப்போய், வைக்கோல் கொண்டுவர ஆரம்பித்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்றவனுக்கு யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள், அந்த முட்டில் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள்.

கோதண்டபாணி என்ன செய்தார் தெரியுமா? கரும்பலகையைத் தூக்கி வந்து மைதானத்தின் நடுவில் வைத்து, காலையிலிருந்து கணக்கு நடத்துகிறார். புதுக் கலர் சாக்பீஸ். மனிதர் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

“புரிஞ்சுதா?” என்கிறார். ஒருத்தனும் இல்லை என்று சொல்லவில்லை.

“சார், இது என் ஆட்டம் சார்” என்றேன்.

“சத்தம் போடாதீங்க தெய்வசிகாமணி. பிள்ளைங்க கவனிக்கிறாங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பு கிடைச்சதில்லை.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்கு ஆபீசர் வந்து இதைப் பாக்கட்டும். இதைத்தான் நான் ஒழுக்கம்னு சொல்வேன்.”

ஆபீசர் வந்து பார்த்தால் ஓட்ட விளையாட்டில் ஒரு பிள்ளை ஓடாது! பீரியடு அங்கேயே போச்சு! போகிற ஆள் யாரும் இல்லை, நான்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆறுதல் சொல்வாள் என்று என் சம்சாரம் பக்கத்தில் போனால், அடுப்படியை விட்டு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “தொட்டுத் தொலைச்சுராதீங்க! குழம்பு கொதிக்குது” என்கிறாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் பஸ். சீனியம்மா போன ஊர் கோவில்மேடு, பக்கத்து ஊர்தான். கோயில் வாசலில் பந்தல், பொங்கப்பானை, ஒலிபெருக்கி. மாமன் மடியில் பையன் வீறிட்டுக் கத்துகிறான், ஆசாரி ஊசியைத் தீட்டுகிறார். பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு சீனியம்மா. நான் பந்தலுக்குள் காலை வைத்ததும் அவள் கண் என்மேல் பட்டது. பட்டதுதான் தாமதம், பந்தக்காலைச் சுற்றிக்கொண்டு பறந்துவிட்டாள்.

ஏன் ஓட மாட்டாள்? நான் பிடிக்கிற ஆள். அவள் அவுட் ஆகாத ஆள்.

“சீனி! நில்லும்மா! நான் பிடிக்க வரலை, கூட்டிட்டுப் போக வந்தேன்!” என்று கத்தினேன். பந்தியில் புகுந்து, இலையைத் தாண்டி, சாம்பார் வாளியைத் தாண்டி, சின்ன வெங்காயக் காட்டில் இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். மாமன் பின்னாலேயே வந்து குறுக்கே நின்றார், கையில் அரிவாள்.

“யோவ், எதுக்குய்யா எங்க பிள்ளையைத் துரத்துறே?”

“நான் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க. இது பாடம்.”

“பாடமா?” அரிவாளை இறக்கிவிட்டார். “அப்ப துரத்துங்க சார். படிப்பு விஷயத்துல நாங்க குறுக்க வர மாட்டோம். நல்லா ஓட விடுங்க.”

காட்டுக்கு நடுவில் ஒரு கிணறு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நான் சுற்றினால் அவளும் சுற்றுகிறாள்.

“சீனி, நான் சொல்றதைக் கேளு. அங்க எல்லாரும் நின்னது நின்னபடி நிக்கிறாங்க. நீ வந்து வாட்டர் குடுத்தாத்தான் உண்டு.”

“பிடிக்கிற ஆளு நைசாப் பேசிக் கூப்பிட்டா நம்பக் கூடாது. ஏழாவது ரூல், சார்.”

“அந்த ரூலைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டீ!”

“அதான் சார் நம்ப மாட்டேங்கிறேன்.”

அவளை நான் என்ன சொல்லிக் குறை சொல்வது? நூற்றுக்கு நூறு. பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்றால், தொட்டால் ஐஸ். அவளும் ஐஸ் ஆனால் எல்லாரும் ஐஸ், ஆட்டம் முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அதைத்தானே அப்போதே செய்திருக்கலாம் என்று பார்க்கிறீர்களா? செய்திருக்கலாம்தான். ஆனால் வெங்காயக் காட்டில் ஒரு பி.டி. வாத்தியார் நாலாம் வகுப்புப் பெண் பிள்ளையைப் பிடித்தார் என்பது என்ன பெருமை? நான் நினைத்தால் ஒரு எட்டில் பிடித்திருப்பேன். நினைக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கும்போது எனக்கு மூச்சு இரைக்கும், அது சின்ன வயசிலிருந்தே உண்டு.

யோசித்ததில் பிடிபட்டது. முன்னால் நின்று கூப்பிட்டால் அவள் வர மாட்டாள். பின்னால் நின்று துரத்தினால் ஓடுவாள். அப்படியானால் அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நடுவில் வைத்துத் துரத்த வேண்டும்! கோழியைக் கூடையில் அடைப்பது இப்படித்தானே? காட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய், “ஹோய்!” என்று கத்தினேன். கிளம்பினாள் பாருங்கள், தார் ரோட்டில், செங்கட்டாம்பட்டியைப் பார்த்து. நான் பின்னால். நான் மைல்கல்லில் உட்கார்ந்தால் அவள் அடுத்த மைல்கல்லில் உட்காருவாள். “என்ன சார், முடியலையா?” என்பாள். மடியில் பொட்டலமாக வைத்திருந்த காது குத்து முறுக்கில் பாதியை ரோட்டில் காகிதம் விரித்து வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொள்வாள். நான் தின்று முடித்ததும் மறுபடி ஓட்டம். அவள் சிரிப்பு எனக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது தம்பி. அப்படி ஒரு பீரியடை நான் எடுத்ததே இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுகிற தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன், வாசலில் ஜீப். ஆபீசர் வந்தாகிவிட்டது.

உள்ளே ஆபீசர் திருவேங்கடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிற்கிற பிள்ளைகள் நடுவில் ராஜா மாதிரி நடக்கிறார். நல்ல தொப்பை, இன் பண்ணின வெள்ளைச் சட்டை. ஹெச்.எம்.மிடம் போய் வணக்கம் சொல்கிறார், பதில் இல்லை. விரலில் குருவிக்கூட்டைப் பார்க்கிறார். “என்ன எளிமை, என்ன ஜீவகாருண்யம்!” என்கிறார். பக்கத்தில் கோதண்டபாணி குழைந்துகொண்டு நிற்கிறார்.

“என் சர்வீஸில் இப்படி ஒரு ஒழுக்கத்தைப் பார்த்ததில்லை” என்று ஆபீசர் குரலை உயர்த்தினார். “சத்தம் இல்லை, சேட்டை இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டம் எதுக்கு, ஆட்டம் எதுக்கு? இந்த நிமிஷத்திலிருந்து இந்தப் பள்ளியின் பி.டி. பீரியடு முழுவதும்...”

அந்த ‘முழுவதும்’ காதில் விழவும் நான் வாசலில் நின்று, நெஞ்சில் இருந்த கடைசி மூச்சையும் சேர்த்து, “ஹோய்!” என்று கத்தவும் சரியாக இருந்தது. சீனியம்மா கேட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள்.

“வாட்டர்!” இருதயராஜ் மூடாத வாயை அப்போதுதான் மூடினான். “வாட்டர்!” முட்டும் ஆட்டுக்குட்டியும் ஒரு பக்கம் தெறித்தன. “வாட்டர்! வாட்டர்!” துணி காய்ந்த கை சேலையோடு ஓடியது. ஹெச்.எம்.மைத் தொட்டாள், குருவி பறந்தது, அந்த மனிதர் ஓடின ஓட்டம்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறார், “என்னைப் பிடி பாப்போம்! என்னைப் பிடி பாப்போம்!” என்று. மூன்று நாள் தேங்கின ஓட்டம் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டது. கோதண்டபாணியின் கரும்பலகை எந்தத் திசையில் போனதென்று இன்றைக்கும் தெரியாது.

“யாருய்யா இது? எவன்யா பி.டி. வாத்தியார்?” ஆபீசர் கத்திக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துவிட்டார். பாருங்கள், நான் தொடவில்லை. அவராக வந்து தொட்டார். ஆனால் வாய் பழகின வாய் அல்லவா? “ஐஸ்” என்றுவிட்டேன்.

ஓடின பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே திரும்பினார்கள். “ஆபீசர் சார் அவுட்டு! ஆபீசர் சார் அவுட்டு!” என்று ஒரே கூச்சல். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ எந்தக் காலத்திலோ அவரும் டிராயர் போட்டு விளையாடினவர்தானே? அத்தனை பிள்ளைகள் முன்னால் அழுகுணி ஆட்டம் ஆட மனுஷனால் முடியுமா? வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

கோதண்டபாணி பதறிப்போனார். “ஐயா, வாக்கியத்தை முடிங்கய்யா! முழுவதும் யாருக்குய்யா? ஒரே ஒரு வார்த்தைங்கய்யா!” ஆபீசர் கண்ணை மட்டும் உருட்டினார். ஐஸ் ஆனவர் பேசக் கூடாது. “ஏ சீனி, நீ நல்ல பிள்ளையில்ல, ஐயாவுக்கு ஒரு வாட்டர் குடும்மா!”

சீனியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். “குடுத்தா கணக்குக்குன்னு சொல்லிருவாரே” என்றாள்.

மொத்தப் பள்ளியும் அவள் முகத்தையே பார்க்கிறது. அவள் மெல்ல ஆபீசர் பக்கத்தில் போய் நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், ஐஸ்னா கால் மரத்துப்போகும், பாவமா இருக்கு. நான் வாட்டர் குடுக்கிறேன். ஆனா நின்னுக்கிட்டுப் பேசினீங்கன்னா எங்க சார் உடனே பிடிச்சிருவாரு. அவரு யாரையும் விட மாட்டாரு. அதனால ஓடணும். ஓடுவீங்களா?”

ஆபீசர் கண் இரண்டு தடவை மூடித் திறந்தது.

“வாட்டர்!”

முதலில் சேற்றில் இறங்கின எருமை மாதிரி நாலு எட்டு வைத்தார். நான் “ஹோய்!” என்றேன். அவ்வளவுதான், தொப்பை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிள்ளைகள் “ஓடுங்க சார், ஓடுங்க சார்” என்று கத்துகிறார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது தம்பி, முன்பல் விழுந்த குழந்தைக்கு வருகிற சிரிப்பு. அப்படியே கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினார். டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே “ஐயா, ஐயா” என்று போனான்.

அன்றைக்கு ஓடினவர்தான். இன்றுவரை நிற்கவில்லை.

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஹெச்.எம். தீர்ப்புச் சொன்னார். “ஆபீசர் வாக்கியத்தை முடிக்கலை. முடிக்கிற வரைக்கும் பி.டி. பீரியடு பி.டி.க்குத்தான். கோதண்டபாணி, இனிமே அந்த நேரத்துல நீங்க சாக்பீஸோட வந்தீங்கன்னா வாசல்ல நான் நிப்பேன்.” அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளையிலேருந்து என்னையும் சேத்துக்கய்யா” என்றார்.

ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆபீசரைப் பிடித்தால் ஐஸ் ஆவார், எவனாவது வாட்டர் கொடுத்தால் அவர் பேசலாம், பேசினால் ‘கணக்குக்கு’ என்று சொல்லி முடித்துவிடுவார். துரத்தாமல் விட்டாலோ, அவர் நின்றுவிடுவார். நின்றாலும் பேசுவார். ஆகையால் நான் துரத்தவும் வேண்டும், பிடிக்கவும் கூடாது. லீவு நாளெல்லாம் இதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகு முழுநேர வேலை. அவருக்கும் ரிட்டயர் வயசு தாண்டியிருக்குமே என்கிறீர்களா? ஓடுகிற ஆளை எப்படி ரிட்டயர் பண்ணுவது? மாலை போடவாவது அவரைப் பிடிக்க வேண்டாமா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு தடவை ஒரே கடையில் டீ குடித்தோம். நடுவில் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு அவர், இந்தப் பக்கம் நான். தொப்பை போன இடம் தெரியவில்லை, முகம் பளபளவென்று இருக்கிறது.

“என்ன தெய்வசிகாமணி, இன்னும் என்னைப் பிடிக்க முடியலையா?” என்றார்.

“வயசாயிடுச்சுங்க ஐயா” என்றேன். சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே ஓடினார். பாவம், நிஜமாகவே என்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். அங்கே செங்கட்டாம்பட்டியில் இருதயராஜின் பையன் இப்போது ஆறாம் வகுப்பு. இந்நேரம் மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருப்பான். தலையில் ஒரு சீப்பு இறங்குவதில்லை என்று அவன் அப்பாயி, அதே இருதயராஜ் அம்மா, திட்டுகிறாளாம்.

நேற்று அவரை இந்த ரோட்டில் பார்த்ததாகச் சொன்னார்கள், அதனால்தான் இந்த பஸ்ஸில் ஏறினேன். தம்பி, கொஞ்சம் காதைக் கொடுங்கள். நீங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள், வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஒரு பெரியவர் இந்தப் பக்கமாக ஓடி வருவார். வந்து, “பி.டி. வாத்தியாரைப் பார்த்தீங்களா?” என்று கேட்பார். “பின்னாலேயே புயல் மாதிரி வர்றாரு, ஓடுங்க சார்” என்று சொல்லுங்கள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். நான் அவரைப் பிடிக்க நினைக்கவே இல்லை என்பதை வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அது தெரிந்தால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் ஒரு கிழவன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முன்சீட்டு அம்மா, உங்களுக்கும்தான்.